காசில் தொங்கிய சுருள்

ரோமப் பேரரசின் அரிமினம் ஊரில், குளியல் மண்டப வாசலில் நான் எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்து இடம் பியெரிஸுடையது. ஒரு நாற்காலி, கரி அடுப்பு, முடி சுருட்டும் இரும்புக் கம்பி, சடையைத் தைத்து நிறுத்த ஊசியும் நூலும். அவ்வளவுதான் அவள் கடை. பதினெட்டு வருஷம் அடிமையாக ஒரே வீட்டு எஜமானிக்குத் தலை வாரிவிட்டு விடுதலை பெற்றவள். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

அந்த வசந்தத்தில்தான் ரோமில் புதுப் பேரரசி பட்டத்துக்கு வந்தாள். அவளை எங்கள் ஊரில் யார் கண்டது? காசில்தான் பார்த்தோம். மீன்சாறு வியாபாரியின் மனைவி வெத்தியா, பளபளப்பு மங்காத பெரிய வெண்கலக் காசு ஒன்றைத் துணியில் முடிந்து கொண்டுவந்தாள்.

“பியெரிஸ், பேரரசி தலையைப் பாரு. நாளைக்கு விருந்து. எனக்கும் அச்சு அசலா இப்படியே வேணும்.”

பியெரிஸ் காசை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். சடைகள் உச்சியில் சும்மாடு போலச் சுற்றியிருந்தன.

“போட்டுடலாம்மா. ஆனா ஒரு பக்கத்து முகம்தானே இருக்கு? அந்தப் பக்கம் எப்படியோ?”

“திருப்பிப் பாரேன்டி.”

“திருப்பினா ஒரு தெய்வம் கொம்பு நிறையப் பழத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. அதையா உங்க தலையில ஏத்தறது?”

நான் சிரித்த சிரிப்பில் கால் குடுவை எண்ணெய் மண்ணுக்குப் போனது.

காசில் பேரரசியின் பின்கழுத்தில் கொக்கி போல ஒரு கோடு தெரிந்தது. வேண்டுமென்றே விட்ட முடிச்சுருள் என்று பியெரிஸ் முடிவுகட்டி, வெத்தியாவுக்கும் ஒன்று தொங்கவிட்டாள். விருந்து முடிந்த பத்தாம் நாள் ஊரெல்லாம் சுருள்.

கோடையில், நகரசபை உறுப்பினரின் மனைவி ருஃப்ரியா ரோமிலிருந்து திரும்பினாள். குளிக்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன கூத்து இது? நாடகக் கொட்டகையில பேரரசிய இவ்வளவு கிட்டத்துல பாத்தேன். கழுத்துல ஒத்தை முடி கிடையாது. இங்க எல்லாரும் பன்றிவால் வெச்சுக்கிட்டுத் திரியறீங்க!”

பியெரிஸ் முகம் செத்துவிட்டது. என் பெட்டியிலிருந்த, பேரரசி முகம் போட்ட புதுக்காசுகளைக் கொட்டிப் பார்த்தாள். ஒன்றிலும் கோடு இல்லை. வெத்தியாவின் காசை அடித்த அச்சில் விரிசல் விழுந்து, அதுதான் கோடாகப் பதிந்திருக்கிறது!

நேரே வெத்தியாவிடம் போனாள். நானும் போனேன்.

“தப்புப் பண்ணிட்டேம்மா. அது முடி இல்ல, அச்சு விரிசல்.”

வெத்தியா கழுத்துச் சுருளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “உசிரோட இருக்கும்போதே என் கல்லறைக்கு என் முகத்தைச் செதுக்கச் சொல்லியிருந்தேன். போன வாரம்தான் முடிஞ்சுது, சுருளோட. இனிமே கல்லை மாத்தறதா, என்னை மாத்தறதா? பேசாம சுருட்டுடி!” என்றாள்.

ஆனால் பியெரிஸால் பேசாமல் இருக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருத்தியிடமும் உண்மையைச் சொன்னாள். இரண்டு பேர் திட்டிவிட்டு எழுந்துபோனார்கள். மற்றவர்கள், “நல்லாத்தானே இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்” என்றார்கள்.

ஒரு மதியம், முக்காடு போட்டுக்கொண்டு ருஃப்ரியாவே வந்து உட்கார்ந்தாள்.

“ரோம்ல போடற மாதிரியே போடு.”

“சரிம்மா.”

“அப்புறம்...” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அந்த வால் ஒண்ணும் தொங்க விடு. என் வீட்டுக்காரர் வெத்தியாவையே பாத்துக்கிட்டிருக்கார்.”

பியெரிஸ் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கம்பியை அடுப்பில் செருகினாள். எனக்குத்தான் அந்தச் சாமர்த்தியம் இல்லை. எழுந்து மண்டபத்துக்குள் ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். திராட்சை அறுவடைக்குள் பியெரிஸ் இரண்டாவது நாற்காலியும் வாங்கிப் போட்டுவிட்டாள்.