ஒன்பது கிலோமீற்றர், ஜெசிந்தா மிஸ்ஸி

ஜெசிந்தா மிஸ்ஸி செத்துப்போனார். நேற்று, ஆம்புலன்ஸுக்குள், பாதி வழியில்.

"காலமானார்" என்று எழுதத்தான் தொடங்கினேன். கை வரவில்லை...

தெரியாதவர்களுக்கு: தோப்பூருக்கும் தெற்கே, களப்போரக் குடியிருப்புகளுக்கு மிஸ்ஸிதான் பிள்ளைப்பேறு பார்க்கிற அரசாங்க மருத்துவமாது. இங்கே நாலு வீடு, காடு தாண்டி அங்கே ஆறு வீடு. எல்லாவற்றுக்கும் ஒரு மிஸ்ஸி, ஒரு ஸ்கூட்டி.

நான் டவுனில், பிராந்திய சுகாதார அலுவலகத்தில் பிளானிங் பிரிவு. ஃபேன், கதிரை, கம்ப்யூட்டர்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வேலை தந்தார்கள். திரியாய்க்கு அங்காலிருந்து தெற்குக் காடு வரைக்கும் ஒவ்வொரு ஊரையும் கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியோடு சேர்க்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரியோடு சேர்க்கிறோமோ, அங்கிருந்துதான் ஆம்புலன்ஸ் போகும், அங்கேதான் நோயாளியைக் கொண்டுபோகும்.

ஒரு ஊருக்கும் நான் போகவில்லை. மேப்பை விரித்து அடிமட்டத்தை வைத்தேன். மிஸ்ஸியின் ஊரிலிருந்து ஒன்பது கிலோமீற்றரில் ஓர் ஆஸ்பத்திரி... ஷீட்டில் போட்டேன். வேலை முடிந்தது.

நடுவில் களப்பு, அகலமான கடல்நீர் ஏரி. பாலம் இல்லை. ரோட்டால் சுற்றிப் போனால் ஒன்றரை மணித்தியாலம். தோப்பூர் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு என்றால் அரை மணித்தியாலம்.

அடுத்த மாதமே மிஸ்ஸி மூன்று பஸ் மாறி அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளைச் சேலை முழுக்கச் செம்மண். நேரே என் மேசைக்கு.

"தம்பி, இந்த ஷீட் செய்தது ஆர்?"

"நான்தான் மிஸ்ஸி."

"அப்ப அந்த ஆம்புலன்ஸுக்கு நீச்சலும் நீங்களே பழக்கிவிடுங்கோ."

பிரிவே சிரித்தது. நானும் சிரித்தேன். மிஸ்ஸி சிரிக்கவில்லை.

"எழுத்தில தாங்கோ மிஸ்ஸி, மேல அனுப்பிவிடுறன்" என்றேன். அங்கேயே இருந்து எழுதித் தந்தார். பிறகு ஒவ்வொரு வருடமும் ஒரு கடிதம். "அடுத்த ஷீட்டில பார்ப்பம் மிஸ்ஸி" என்று நானும் ஒவ்வொரு வருடமும்...

ஒருமுறை ஒரு தாய்க்கு வலி கண்டுவிட்டது. மிஸ்ஸி ஆம்புலன்ஸைப் பார்த்துக்கொண்டிருக்காமல் டிராக்டரில் ஏற்றித் தோப்பூர் பக்கம் கொண்டுபோய்விட்டார். உரிய ஆஸ்பத்திரிக்கு ஏன் அனுப்பவில்லை என்று எங்கள் அலுவலகம் விளக்கம் கேட்டது. அந்தக் கடிதத்தை டைப் பண்ணியது நான்தான். நல்ல தமிழில், பிழை இல்லாமல்.

பதில் வந்தது. "பொம்பிளைப் பிள்ளை. மூண்டு கிலோ. தாயும் பிள்ளையும் சுகம்." அவ்வளவுதான். விளக்கம் போதாது என்று திரும்பவும் கேட்டோம்.

நேற்று கிளினிக் நாள். காலையிலேயே மிஸ்ஸிக்கு நெஞ்சு நோ. வந்திருந்த தாய்மார்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்திருக்கிறார்கள். டிராக்டரும் வாசலுக்கு வந்துவிட்டதாம்.

"வேண்டாம் பிள்ளையள். திரும்ப விளக்கம் எழுத என்னால ஏலாது" என்றாராம் மிஸ்ஸி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம். ஆனால் ஏறவில்லை.

ஆம்புலன்ஸ் சுற்றி வந்தது. ஏற்றிக்கொண்டு, ஷீட்டில் உள்ளபடி, திரும்பவும் சுற்றிப் போனது.

களப்பு வளைகிற இடத்தில் மூச்சு நின்றதாம். அங்கிருந்து பார்த்தால் அக்கரையில் மிஸ்ஸியின் கிளினிக் கூரை தெரியும் என்று டிரைவர் சொன்னார். நான் பார்த்ததில்லை.

இன்று காலை மரண அறிக்கை என் மேசைக்கு வந்தது. அதில் ஒரு கட்டம். உரிய ஆஸ்பத்திரிக்கு உள்ள தூரம்.

பேனையை எடுத்தேன். சரியான தூரத்தைப் போட்டால், முந்தி ஒன்பது என்று போட்டது யார் என்று கேட்பார்கள்.

ஒன்பது என்றே போட்டேன்.

நாளை சவஅடக்கம், மாதா கோயிலில். அலுவலகத்தில் மலர்வளையம் சொல்லியிருக்கிறோம். நான் போகவில்லை... அந்தச் சனத்தின் முகத்தில் முழிக்க எனக்குத் துணிவில்லை.

மிஸ்ஸி, உங்கட கடிதம் ஒண்டும் மேல போகேல்ல. எல்லாம் என்ட மேசை லாச்சிக்குள்ளதான் கிடக்கு.

போயிட்டு வாங்கோ.