எதிர்வீட்டுக் குக்கர்

காலை ஏழு ஐம்பதுக்கு எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. புது ஃபிராக் போட்டு, ப்ளே ஸ்கூலுக்குக் கிளம்பி நின்ற என் மகள், நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போனாள்.

இன்றும் விசில் கேட்டால் என் கண் முதலில் தரைக்குத்தான் போகிறது.

பிள்ளையை உட்காரவைத்து 'ஸ்ஸ்' என்று சத்தம் கொடுப்பது வேலூரில் எங்கள் வீட்டுப் பழக்கம். ஆனால் எனக்குக் காலையில் ஆபீஸ் மீட்டிங். அதையும் வீட்டிலிருந்தே பேசியாக வேண்டும். எனவே அவள் ஒன்றுக்குப் போக உட்காரும் பிளாஸ்டிக் வாத்தைச் சமையலறை வாசலில் போட்டு, அடுப்பில் பருப்பை ஏற்றிவிடுவேன். மற்றதைக் குக்கர் பார்த்துக்கொண்டது. டயப்பர் போயிற்று. நாற்பத்து நான்கு வயதில் எனக்கு அப்படியொரு பெருமை.

பிறகுதான் தெரிந்தது, அவள் எந்த வீட்டுக் குக்கருக்கும் மரியாதை கொடுப்பாள் என்று. பயந்துபோன கணவர், எங்கள் குக்கரை ஜீவனஹள்ளியில் தன் தங்கை வீட்டுக்கே அனுப்பிவிட்டார். நாங்கள் குடியிருக்கும் ஜோகுபாளையத்தில் மற்றவர்கள் குக்கரை என்ன செய்வது?

அன்று பள்ளிக்கு முதல் நாள். ஒன்பது மணிக்குப் போக வேண்டும். டயப்பர் கூடாது, உடையை நனைக்கும் பிள்ளை என்றால் அடுத்த வருஷம் வாருங்கள் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

நான் அவளுக்கு உடை மாற்ற, கணவர் எதிர்வீட்டுக்கு ஓடினார். அங்கே கோலார் தங்கவயலிலிருந்து வந்து குடியேறிய ஆன்ட்டி.

"ஆன்ட்டி, ப்ளீஸ், குக்கர ஆஃப் பண்ணிடுங்க!"

"இன்னாப்பா, கேஸ் லீக்கா?"

"இல்ல ஆன்ட்டி, பாப்பா."

எதிர்வீடு அமைதியானது. கிளம்புமுன் இன்னொரு முறை போய்விட்டால் நல்லது என்று மகளை வாத்தின்மேல் உட்காரவைத்தேன். 'ஸ்ஸ்' என்றேன். பதற்றத்தில் வாய் உலர்ந்து காற்றுதான் வந்தது. கணவர் முயன்றார்.

"அப்பா, நீ பாம்பு மாதிரி பண்ற," என்றாள். "குக்கர் எங்க?"

"அத்த வீட்டுல இருக்கு கண்ணு."

"அப்ப வராது."

போனில் விசில் வீடியோ ஒன்றைத் தேடிப் போட்டோம். ரசித்துப் பார்த்தவள், அடுத்து யானை வீடியோ வேண்டும் என்றாள். மணி எட்டரை தாண்டிவிட்டது. இங்கே வராதது பள்ளியில் வந்தால் ஒரு வருஷம் போச்சு.

வாசல் திறந்தேதான் கிடந்தது. நாங்கள் மாறிமாறிச் சீறியது எதிர்வீட்டுக்குக் கேட்காமல் இருக்குமா? ஆன்ட்டி உள்ளே வந்தார். இரண்டு கையிலும் பழந்துணி, நடுவே மறுபடி சூடேற்றிய குக்கர்.

"ஸ்வல்ப தள்ளிக்கோம்மா, கை சுடுது."

வாத்தின் முன்னால் குக்கரை இறக்கி, கரண்டிக் காம்பால் வெயிட்டை லேசாகத் தூக்கினார். ஆவி சீறியது. வாத்துக்குள்ளிருந்து உடனே பதில் சத்தம் வந்தது.

ஆன்ட்டி குக்கரைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய், திரும்பிப் பார்த்தார்.

"ஆமா, அந்த ஸ்கூல்ல பசங்களுக்குச் சமைக்கிறாங்களே, குக்கர்லயான்னு கேட்டியாம்மா?"