ரவுண்டானாவில் எது முதல் வண்டி?

கேஸுக்குப் பயந்து ஓடிப்போனாராமே! அப்படிச் சொல்கிற வாய்களில் ஒன்றாவது அன்றைக்கு ரவுண்டானா பக்கம் எட்டிப் பார்த்ததா? பிரேக்கு வாத்தியார் ஓடுகிற ஆளே இல்லை. ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். வீட்டில் சாப்பிடும்போது யாராவது குறுக்கே நடந்தால்கூட அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அந்தப் பெயரே அதனால் வந்ததுதான்.

பழைய கார் என்றால் அவருக்கு உயிர். தையல்காரர், பல் டாக்டர் என்று தன்னிடம் படித்தவர்களில் அதே பைத்தியம் பிடித்தவர்களைச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை ஏரிவரை வரிசையாகப் போய்வரலாம் என்று கிளப்பிவிட்டார். போலீசில் கேட்க வேண்டாமா என்று அவருக்கும் தோன்றத்தான் செய்தது. “ஊர் சுத்தப் போறதுக்கு எதுக்கு மாமா பர்மிஷன்?” என்றான் மனைவியின் தம்பி. கேட்காமலே கிளம்பிவிட்டார். தப்பு அங்கேதான்.

“முன்னாடி போற வண்டிய விட்றாதீங்க. யாரையும் பாதியில விட்டுட்டு நான் போமாட்டேன்” என்று சொல்லி, முதல் வண்டியை எடுத்தார்.

ரவுண்டானா வந்தது. கடைசியாக வரும் மச்சான் உள்ளே நுழையும்வரை ஏரிப் பக்கம் திரும்பக் கூடாதென்று வாத்தியார் வட்டத்தையே சுற்றினார். மற்றவர்களும் பின்னாலேயே சுற்றினார்கள். வட்டம் நிறைந்து, அவர் வண்டியின் மூக்கு, மச்சானுக்கு முன்னால் வந்த தையல்காரரின் வண்டி வாலை முட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. மச்சானோ வெளியே நின்றான். உள்ளே சுற்றுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்று அவனுக்குப் படித்துப் படித்துச் சொன்னவரே அவர்தானே!

“உள்ள வாடா!”

பதில் வாங்க ஒரு சுற்று சுற்றி வர வேண்டியிருந்தது.

“வழி விட்டா வர்றேன் மாமா!”

இன்னொரு சுற்று.

“நீ வந்தாதான்டா நாங்க போக முடியும்!”

பின்னால் சாலையே அடைத்துக்கொண்டது. மீன் கடைக்குப் போன ஐஸ் லாரி நின்ற இடத்திலேயே தண்ணீர் லாரியாகிக்கொண்டிருந்தது.

போலீஸ்காரர் வந்து எல்லாரையும் நிறுத்தினார். “யாருய்யா இதுக்குப் பொறுப்பு?”

“முன்னாடி போறவர்தான் சார்” என்று கை காட்டினார் பல் டாக்டர். அவருக்கு முன்னால் இருந்தவர் தனக்கு முன்னால் இருந்தவரைக் காட்டினார். கை வட்டம் போட்டு டாக்டரிடமே வந்து நின்றது.

“யாரும் இல்லேன்னா ஆளுக்கொரு அபராதத்தைக் கட்டிட்டுப் போங்க. ஒருத்தர் கூட்டிட்டு வந்திருந்தா அவர் மேல கேஸ். அனுமதி வாங்காம இவ்ளோ வண்டியக் கூட்டியிருக்காரே, லைசென்ஸே போயிரும்.”

லைசென்ஸ் போனால் வாத்தியார் வேலையும் போச்சு. “வாயத் தெறக்காதீங்க மாமா” என்று மச்சான் கெஞ்சினான். வாத்தியாரும் மறுபடி தையல்காரரைக் காட்டக் கையைத் தூக்கிவிட்டார்.

“அப்ப என் ஐஸுக்கு யாரய்யா பதில் சொல்றது?” என்றார் லாரிக்காரர். சொட்டச் சொட்ட நின்றார் மனுஷன். ஆளுக்கொரு பக்கம் வானத்தைப் பார்த்தார்கள்.

தூக்கிய கையை வாத்தியார் தன் நெஞ்சுமேல் வைத்தார். “நான்தாங்க கூட்டிட்டு வந்தேன்.”

கோர்ட்டுக்குக் கூப்பிட்ட அன்று மனைவி கார் சாவியை நீட்டினாள். “இன்னும் தீர்ப்பு வரலியேங்க. வண்டியிலேயே போங்களேன்.”

“போறப்ப நான் ஓட்டிருவேன். வர்றப்ப யாரு ஓட்டுவா?”

லைசென்ஸைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டார். செருப்பை மாட்டி, வாசலைத் தாண்டி, இரண்டு பக்கமும் பார்த்துத் தெருவைக் கடந்து, நடந்தே போனார்.