லிஃப்ட் மெக்கானிக்கின் குருகு

என் வீட்டுக்காரருக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் பம்பரம். இப்படிப்பட்ட மனுஷருக்கு வேறு ஆசை எதுவும் வராமல், ஏரிக்கரையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பறவையைப் படம் எடுக்கும் ஆசை வந்ததை எங்கே போய்ச் சொல்ல!

அதிலும் குருகுதான் வேண்டுமாம். பழுப்பு நிறத்தில், நாணலுக்குள் நாணலாக நிற்கும் பறவை. லேசில் பறக்காது. பயந்தால் அலகை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். காற்றில் நாணல் ஆடினால் தானும் கூடவே ஆடும். குளிர்காலத்தில் மட்டும் எங்கள் ஏரிக்கு வரும். மூன்று வருஷமாக அது வருகிறது, இவர் இருமுகிறார், அது போய்விடுகிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் அவரோடு ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். பனியில் விரல் விறைத்தது.

"போனை அமத்துங்க" என்றேன்.

"இன்னைக்கு அவசர டியூட்டி எனக்கு. எவனாவது மாட்டிக்கிட்டா?"

"ஞாயித்துக்கிழமை காலைல எவன் மாட்டப்போறான்?"

"மாட்டுறவன் நாள் பாத்தா மாட்டுறான்?"

காமிராப் பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். ஸ்டாண்டின் காலை நீட்டினார், சுருக்கினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பார்த்தேன். எங்களுக்கு எதிரே, கல்லெறி தூரம்கூட இல்லை, இரண்டு நாணலுக்கு நடுவே ஒரு மஞ்சள் கண். அவர் தோளைத் தொட்டேன்.

அவர் கால் நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத காட்சி! மூச்சைப் பிடித்துக்கொண்டு காமிராவில் கண்ணை வைத்தார்.

போன் அடித்தது. மெஷின் சத்தத்தில் கேட்க வேண்டுமென்று ஊரைக் கூட்டுகிற மாதிரி ஒரு மணி வைத்திருந்தார். குருகு படபடவென்று எழும்பி அக்கரைக்குப் போயே போய்விட்டது.

வந்ததே எனக்குக் கோபம்! ஆனால் போனில் ஒரு பெண்ணின் அழுகை எனக்கே கேட்டது. ஆளில்லாத ஆபீஸ் கட்டடம், இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட், உள்ளே தனியாக அவள்.

வண்டியை நான் ஓட்டினேன். பக்கத்தில் அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார்.

"காத்து தீந்துடும் சார்!"

"தீராதும்மா. மேல சின்னச் சின்ன ஓட்டை தெரியுதா? அது வழியா வந்துக்கிட்டேதான் இருக்கும். கதவை மட்டும் இழுக்காதீங்க."

அவள் கதவை அடிக்கும் சத்தம் கேட்டது. "ஏதாவது பேசுங்க சார், வெச்சுடாதீங்க!"

அவர் திருதிருவென்று முழித்தார். பிறகு, "இப்பதான் ஏரியில ஒரு குருகைப் பாத்துட்டு வரேம்மா" என்று ஆரம்பித்தார். "பயந்தா அது ஓடாது. மூக்கை மேல தூக்கிட்டு நிக்கும். நாணல் ஆடினா கூட ஆடும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நிக்குது. நாங்க கிளம்பும்போதும் நின்னுச்சு. எங்க வீட்டம்மாவும் பாத்தாங்க."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. மூன்று வருஷத்துக் கோபத்தையும் ஸ்டியரிங்கில் காட்டினேன்.

"நீங்களும் அந்த ஓட்டையப் பாத்துக்கிட்டு நில்லுங்க. இதோ வந்துட்டேன்."

வண்டி நிற்பதற்குள் குதித்து மாடிக்கு ஓடினார். மேலே மெஷின் அறையில் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்ட்டைக் கீழே கொண்டுவந்து, மூச்சிரைக்க இறங்கி வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தார்.

மூலையில் ஒரு சின்னப் பெண், கையில் ஆபீஸ் பையோடு, முகத்தை மேலே தூக்கியபடி நின்றிருந்தாள். லேசாக ஆடிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"அக்கா, அது பறந்துடுச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். கால் மறுபடியும் ஆட ஆரம்பித்திருந்தது.

"இல்லம்மா" என்றேன். "இன்னும் அங்கேயேதான் நிக்குது."