இரண்டு வலது கால்கள்

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஒற்றை ஷூ இருந்தது. ஆம்பூரில் வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டுவதற்கு முதலில் ஒரு மாதிரி தைப்பார்கள். அதற்கு ஒரு கால் போதும். எங்கள் தெருக்காரர்கள் வேலை செய்த ஷூ கம்பெனியில் அது வலது கால். பார்த்தவன் போன பிறகு அந்த ஒற்றைக்கு வேலை கிடையாது. யாராவது பையில் போட்டுக்கொண்டு வந்தால் கேட்டில் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒற்றை ஷூவைத் திருடி யாரும் பணக்காரராக முடியாது என்பது கம்பெனியின் நம்பிக்கை. எங்கள் வீட்டில் ஒன்றில் சீப்பும் இன்னொன்றில் கரண்ட் கார்டும் இருந்தன. எதிர் வீட்டில், ஐரோப்பாவுக்குப் போயிருக்க வேண்டிய ஒரு பூட்ஸில் கற்றாழை வளர்ந்தது.

நான் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அம்மா அந்தக் கம்பெனியில்தான் தையல் லைனில் இருந்தாள். அவளுக்கு இரண்டு வரிசை தள்ளி எனக்கும் ஒரு மிஷின் சொல்லி வைத்திருந்தாள். திங்கட்கிழமை சேர வேண்டும். பெண்ணுக்கு நல்லது செய்துவிட்ட நிம்மதி அவளுக்கு. எனக்கோ சோறு இறங்கவில்லை.

சிறு வயதில் ஒருமுறை வீட்டுச் சாவி வாங்குவதற்காக என்னை அந்த லைன் வரைக்கும் விட்டிருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் குனிந்த தலைகள். எது என் அம்மாவின் தலை என்று தெரியவில்லை. “அம்மா” என்று கத்தினேன். மிஷின் சத்தத்தில் ஒரு தலையும் நிமிரவில்லை. அம்மாவின் ஆள்காட்டி விரல் நகத்தில் ஒரு கறுப்புப் புள்ளி உண்டு. ஊசி இறங்கி ஏறிய இடம். அதை மச்சத்தைக் காட்டுவது போலக் காட்டுவாள். பல வருடம் கழித்தும் என் கனவில் அந்தத் தலைகள் வந்துகொண்டிருந்தன. திங்கட்கிழமை என்றதும் பகலிலும் வர ஆரம்பித்தன.

அந்த வாரம்தான் வேலூரில் புதிதாகத் திறந்த ரெடிமேட் ஷோரூமுக்குப் பெண்கள் தேவை என்று பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஃபேஷன் என்ற சொல்லை அதில் உப்பு போலத் தூவியிருந்தார்கள். ஃபேஷனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், ஏற்றுமதி ஆகாமல் எங்கள் வீட்டோடு நின்றுபோனதுதான். இருந்தாலும் அம்மாவிடம் சொன்னேன்.

“போய்ட்டு வா, நான் வாணான்னு சொல்லல. கெடைக்கலன்னா திங்கக்கெழம வாய மூடினு எங்கூட பஸ் ஏறணும்.”

“அங்க ஷூ போட்டுனுதான் வரணுமாம்மா. நோட்டீஸ்ல போட்டுக்குது.”

அன்று சாயந்திரம் அவள் பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் வந்தது. கறுப்பு, குதிகால் உயர்ந்தது, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. அப்படி ஒன்றை நான் கையால்கூடத் தொட்டதில்லை. வலது காலை நுழைத்தேன், எனக்கென்றே தைத்தது போலிருந்தது. இடது காலை நுழைத்தேன். நுழைந்தது, ஆனால் ஷூவின் மூக்கு வேறு ஊருக்குப் போகப் பார்த்தது.

“அம்மா, இது ரெண்டும் வலது.”

“அதனாலதான்டி வூட்டுக்கு வந்துச்சு. ஜோடியா இருந்தா கேட்ல உடுவானா?”

“கண்டுபுடிச்சிடுவாங்கம்மா.”

“போடி பேஜாரு புடிச்சவளே. உன் மூஞ்சியப் பாப்பாங்களா, கால பாப்பாங்களா?”

நாள் முழுக்க மற்றவர்கள் காலுக்காகவே குனிந்திருப்பவள் சொன்னாள். எட்டாவது படித்த என் தங்கை மட்டும் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் சங்கதி தெரிந்தது. இரண்டு வலது கால்களோடு நேராக நடக்க முடியாது. ஷோரூமை நோக்கி நடந்தேன் என்பதைவிட, அதற்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போய்ச் சேர்ந்தேன் என்பதுதான் சரி. கண்ணாடிக் கதவைத் திறந்தேன். உள்ளே தூணுக்குத் தூண் ஆளுயரக் கண்ணாடி. தரையும் கண்ணாடி மாதிரி. பார்த்த பக்கமெல்லாம் என் கால்கள், எல்லாம் வலது.

மாடியில் சுடிதார்கள் தொங்கிய இடத்தில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஏழெட்டுப் பெண்கள். அந்த மாடிக்குப் பொறுப்பான மேடம் சேலையும் மூக்குக் கண்ணாடியுமாக வந்து, “கூப்புடுவோம், இருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஓரத்தில் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் போட்டிருந்தன.

கூப்பிடவில்லை. வெளியே வெயில் ஏறி உச்சிக்கு வந்தது. இடது காலின் சுண்டுவிரல் முதலில் எரிந்தது, பிறகு துடித்தது, பிறகு தனக்கென்று ஒரு இதயம் முளைத்தது போல அடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்றவள் திமிரியிலிருந்து வந்த பெண். மற்றவர்களைப் போல அவளும் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

“யக்கா, கால் நோவல? வாக்கா, உக்காரு.”

“இல்ல, பரவால்ல.”

“இன்னாக்கா நீ, கம்பம் மாதிரி நிக்கற!”

எனக்கும் உட்கார ஆசைதான். ஆனால் உட்கார்ந்தால் இரண்டு கால்களையும் முன்னால் வைக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில், ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. நின்றால் இடது காலை வலது காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளலாம். சுவரில் சாயலாம் என்றால் சுவரெல்லாம் கண்ணாடி. ஆகவே நின்றேன். கண்ணில் நீர் முட்டியது. யாராவது பார்த்தபோது சிரித்தேன்.

மேடம் திரும்பி வந்தார். உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, “நீங்கல்லாம் கெளம்புங்கம்மா, சொல்லி அனுப்பறோம்” என்றார். திமிரிப் பெண் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். தனக்கு முதலில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள் பாவம். அவள் படி இறங்கும் வரை எனக்கும் விளங்கவில்லை. ஸ்டூல்களை எங்களுக்காகத்தான் போட்டிருந்தார்கள், யார் உட்காருகிறார்கள் என்று பார்க்க. பேட்டி காலையிலேயே ஆரம்பித்துவிட்டது.

விளங்கியதும் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. மேடம் நேராக என்னிடம் வந்தார்.

“எந்த ஊரு?”

“ஆம்பூர், மேடம்.”

ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். திங்கட்கிழமை, கம்பெனி பஸ், குனிந்த தலைகள், நகத்தில் புள்ளி எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நின்றன.

“பின்னாடி வெச்சிருக்கற கால முன்னாடி வை.”

வைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“ரெண்டும் வலது.”

“ஆமா, மேடம்.”

“இதோட காலையில இருந்து நின்ன?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “திங்கக்கெழம வா. சாதா செருப்பே போட்டுனு வா, யூனிஃபார்ம் சேலைல தெரியாது. கடை மூடற வரைக்கும் உக்காரக் கூடாது. கஸ்டமர் இல்லன்னாலும் கூடாது. புரியுதா?”

புரிந்தது. தலையாட்டினேன். படி இறங்கும்போதுதான் நன்றாகப் புரிந்தது. நாள் முழுக்கக் குனிந்து உட்காரும் வேலைக்குப் பயந்து, நாள் முழுக்க உட்காராமல் நிற்கும் வேலையைப் பிடித்திருந்தேன். பஸ்ஸில் ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். சுண்டுவிரல் நகம் கறுத்திருந்தது.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். “கெடச்சுதா?”

“கெடச்சுதும்மா.”

“இன்னா வேல?”

“நிக்கற வேல.”

“நிக்கறதுக்குக் கூடவா சம்பளம்!” என்று சிரித்தாள். பிறகு என் கால் விரலைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. அதைத் தன் நகத்துப் புள்ளியோடு ஒப்பிடுவது போலப் பார்த்தாள். மஞ்சள் குழைத்து வந்து வைத்தாள்.

ஷூ இரண்டையும் முந்தானையால் துடைத்து, பழையபடி துணியில் சுற்றி, பரண் மேல் வைத்தாள்.

“எதுக்கும்மா அது?” என்றேன்.

“இருக்கட்டும். சின்னதுக்கு ஆவும்.”

தங்கை பரணை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.