கொலின்ஸுக்கு வந்த றொட்ஸ்

கிழமை நாட்களில் கொலின்ஸ் தன் ஊரான அரிப்பின் கடலில் மூழ்கிக் கடலட்டை பிடிக்கும் சுழியோடி. வள்ளத்தில் அவன் பத்தோடு பதினொன்று. ஞாயிறு பூசையில் ட்றம்ஸுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டால் ராசா. அந்த ஸ்டூலில்தான் அவனுக்குப் பேரும் மரியாதையும்.

கொஞ்சக் காலமாக அவனுடைய அடியின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. பாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொள்வான் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பாடகர் குழுவை நடத்தும் றெனால்ட் மாஸ்ரர் கொழும்பிலிருந்து ஒரு சோடித் தடி எடுப்பித்தார். மெல்லிய மரக்குச்சிகளைக் கற்றையாகக் கட்டியது, றொட்ஸ் என்பார்கள். அதால் அடித்தால் சத்தம் அடங்கி வரும்.

“உயிர்ப்பு ஞாயிறுக்கு இதாலதான் அடிக்கோணும், கொலின்ஸ். இல்லாட்டி வேற ஆளைப் பாக்கோணும்.”

கொலின்ஸுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஸ்டூலை விட மனம் வருமா? தவக்காலத்தில் கோயில் ட்றம்ஸைத் துணியால் மூடிவிடுவார்கள். அதனால் வீட்டில் பிளாஸ்டிக் கதிரையில் அடித்துப் பழகினான். சத்தமே இல்லை. “நல்ல சாமான்!” என்று மெச்சிக்கொண்டான், அப்பாவி. காது அடைத்திருந்ததைப் பெரிதாக எடுக்கவில்லை. சுழியோடுபவனுக்குக் காதில் தண்ணீர் போவது புதினமா? மனைவி றொசானாதான் எதற்கெடுத்தாலும் கத்தினாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானில்லை என்று அவளுக்குக் கோபம். ஒருசந்தி நோன்புப் பசியாக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

உயிர்ப்பு ஞாயிறு காலை. வானவர் கீதம் தொடங்கியது. கொலின்ஸ் அளவாக அடித்தான். ஒன்றும் கேட்கவில்லை. றொட்ஸ்தானே என்று கொஞ்சம் கூட்டினான். மாஸ்ரரின் கையைப் பார்த்துத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் கூட்டினான். குச்சிகள் முறிந்து தெறித்தன. பாட்டு நின்றுவிட்டது, அவன் நிறுத்தவில்லை. மாஸ்ரர் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

“இதில சத்தம் வருகுதில்லை, மாஸ்ரர்!”

கோயிலே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். முன்வரிசை வாங்கில் இருந்த சிறுமி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுடைய வாய் திறந்து மூடுவது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. அப்போதுதான் விளங்கியது. ஆழத்தில் காற்று முடிந்து தவித்த அன்றுகூட அவன் இப்படிப் பயந்ததில்லை.

மாஸ்ரர் அவனுடைய தோளைத் தட்டிவிட்டு, ட்றம்ஸ் இல்லாமலே பாட்டை மறுபடி தொடங்கினார். வேறென்ன செய்வார், பாவம். கொலின்ஸ் முறிந்த தடிகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லோருடைய வாயையும் மாறிமாறிப் பார்த்தான்.

பெண்கள் பக்கமிருந்து றொசானா எழுந்து வந்து அவனருகே குனிந்தாள்.

“எப்ப தொடக்கமப்பா கேக்கேல்லை?” என்று மெல்லக் கேட்டாள்.

“ஓம், ஓம்,” என்று கொலின்ஸ் தலையாட்டினான்.