பாலோ கேட்டும் ஒரு சிக்கன உத்தரவும்

மலாயாவில் பாலோ ரயில்வே கேட்டைப் பதினெட்டு வருஷம் ஒற்றை ஆளாகக் காத்தவர் அய்யாவு. ரயில் இல்லாத நேரமெல்லாம் கேட்டருகே குந்தி வெற்றிலை போடுவார். எதிரே அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்த எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். உட்கார்ந்து மெல்லுவதற்கு ஒரு சம்பளமா?

ஜப்பான்காரன் வந்து இரண்டாம் வருஷம். வரவு போதவில்லை, செலவைக் குறை, ஓர் ஆளை வேலையிலிருந்து நிறுத்து என்று உத்தரவு வந்தது. பெயரை எழுத வேண்டியவன் நான். யோசிக்கவே இல்லை. "கேட்டைப் பூட்டி, சாவியையும் கொடியையும் ஒப்படைக்கவும்" என்று அய்யாவுக்கு எழுதிக் கொடுத்தேன்.

"கிராணியாரே, வேலைச் சீட்டு போச்சுன்னா என்னைய சயாமுக்கு ஏத்திருவானுங்களே!" என்றார்.

உண்மைதான். வேலையில்லாதவனைப் பிடித்து சயாமில் ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து போன ஒருவரும் அதுவரை திரும்பவில்லை. "உத்தரவு அப்படி, நான் என்ன செய்ய?" என்றேன். வெட்கங்கெட்டவன் நான்.

மறுநாள் காலை, நான் எழுதியபடியே பூட்டியிருந்த கேட்டின் முன்னால் ஜப்பானிய அதிகாரியின் கார். அதன் பின்னால் மரவள்ளிக்கிழங்கு லாரி. ஆரன் சத்தம் காதைக் கிழித்தது. சாவிக்கொத்தோடு ஓடி இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தேன். கார் விருட்டென்று தண்டவாளத்தில் ஏறிவிட்டது. அந்தப் பக்கமும் ஒரு கதவு பூட்டிக் கிடக்கிறதே! அதன் சாவி எது? கொத்தைத் துழாவினேன். லாரி ஒட்டி நின்றதால் கார் பின்வாங்கவும் வழியில்லை. தூரத்தில் சரக்கு ரயில் கூவியது.

அலமாக்! செத்தோம்!

பக்கத்து வீட்டிலிருந்து அய்யாவு பாய்ந்து வந்தார். கொடிதான் என் மேசையில் பத்திரமாக இருந்ததே. மனைவி காயப்போட்டிருந்த சிவப்புச் சேலையை உருவி வீசிக்கொண்டே ரயிலை நோக்கி ஓடினார். "அய்யய்யோ, எனக்கிருக்கிறதே அந்த ஒரு நல்ல சீலைதான்!" என்று வெள்ளையம்மா பின்னால் ஓடினாள். காருக்கு இருபது அடி தள்ளி ரயில் நின்றது.

அதிகாரி இறங்கி வந்து என் இரண்டு கன்னத்திலும் அறைந்தார். அய்யாவுக்கு அங்கேயே வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் ஓர் ஆளைக் குறைத்தாக வேண்டுமே. அதிகாரியின் விரல் என் பக்கம் நீண்டது. எனக்குச் சயாம் கண்ணெதிரே தெரிந்தது.

அய்யாவு தொண்டையைச் செருமி மலாயில் சொன்னார். "டுவா பிந்து, துவான்! சத்து ஓராங் தா போலே!" இரண்டு கதவுக்கு ஒரு ஆள் போதாதாம். பதினெட்டு வருஷம் ஒற்றை ஆளாகச் செய்த மனிதர் கூசாமல் சொல்கிறார்! அதுவும் எனக்காக. அழுதுவிட்டேன்.

அதிகாரி ரயிலைப் பார்த்தார், காரைப் பார்த்தார், தலையை ஆட்டினார். ஓர் ஆளைக் குறைக்க வந்த உத்தரவு, கேட்டுக்கு இரண்டு ஆள் என்று முடிந்தது. இரண்டாவது ஆள் நான். அதன் பிறகு பாலோவில் யாரையும் நிறுத்தவில்லை. பெயரை எழுதுவதற்குக் கிராணி இல்லை.

"அண்ணே, நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். அதுவரை அவரை அண்ணே என்று கூப்பிட்டதே இல்லை.

அவர் வெற்றிலையை நீட்டினார். "ரயில் வர்ற வரைக்கும் உக்காருங்க, கிராணியாரே. அதான் வேலை."